நான் லேமினேட் செய்த சான்றிதழ்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில், விழுப்புரத்தில் நடந்தது இது. எங்கள் வீடு திண்டிவனத்தில். அங்கே மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மனைவி பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். அப்போது விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தாள். "உனக்கு எப்புட்றா இந்தப் பொண்ணு கெடச்சுது?" என்று டியூபைக் கொடுத்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அத்தை மகள்; அவ்வளவுதான் என் சாமர்த்தியம்.

கவலைப்படுவதில் மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அவள் வரும் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் விபத்து என்று முடிவுகட்டிவிடுவேன். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் அவள், "மாமா, நான் எம்.எஸ்சி. நர்சிங் சேரலாம்னு இருக்கேன்" என்றாள். அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். விரல்விட்டுச் சொன்னாள். பி.எஸ்சி.யில் ஐம்பத்தைந்து சதவீதத்துக்குக் குறையாத மார்க், நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த சான்றிதழ், பதிவுக்குப் பிறகு ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கு அத்தாட்சி, உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் தரும் சான்று.

"எல்லாமே இருக்குது மாமா. நீங்க ஏன் மூஞ்சிய இப்படி வச்சிக்கினு இருக்கீங்க?"

காரணம் இருந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர், பெரிய படிப்புப் படித்த நர்ஸுகளுக்குத் துபாயில் ஏக கிராக்கி என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் படிக்கப் போகிறாயா என்று அவளிடம் கேட்கவும் பயம்.

கவலையை வேறு பக்கம் திருப்பினேன். அதற்கு முந்தைய மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்திருந்தது. சான்றிதழ்கள் நனைந்தால் என்ன ஆகும்? அவள் டியூட்டிக்குப் போயிருந்தபோது ஃபைலை எடுத்துக்கொண்டு போய், அத்தனையையும் லேமினேட் செய்துவிட்டேன். கூடவே, பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த ஒரே காகிதமான ஒன்பதாம் வகுப்பு டி.சி.யையும். சேர்க்கையன்று ஃபைலைத் திறந்து பார்த்து அவள் அசந்துபோவாள் என்று ஆசையாக இருந்தேன்.

கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மார்க் பட்டியல்களில் எண்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்த்தினார். கவுன்சில் பதிவுச் சான்றிதழைத் திருப்பியதும் கை நின்றது.

"இன்னாம்மா இது, பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கீங்க? இதுக்கு மட்டும் பின்னாடி காலேஜ் சீல் போடணும். இதுமேல போட்டா வெரலாலயே அழிஞ்சிடும்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். புதிதாக வாங்க வாரக்கணக்கில் ஆகுமாம். அந்த அம்மா கடிகாரத்தைக் காட்டினார். மணி பதினொன்றரை. "மூணு மணிக்குள்ள சரிபண்ணிக் கொண்டாங்க. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த பேரைக் கூப்ட்டுடுவாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்தோம். இந்தச் சேர்க்கைக்காக அவள் ஓடியதையெல்லாம் நானே ஓர் உறைக்குள் போட்டு மூடிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. "பின்பக்கம் மட்டும் பிரிஞ்சா போதும்" என்று சொல்லி, சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் அழுத்தினாள். "இங்க இஸ்திரிக் கடை எங்கியாவது இருக்குதா பாருங்க மாமா."

தெருமுனையில், புங்கமரத்து நிழலில் ஓர் இஸ்திரி வண்டி நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அந்த அண்ணன் பின்வாங்கினார். "நம்ம பொட்டி சட்ட பேன்ட்டுக்குத்தாம்மா. காயிதம் கருகிப் போச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டண்ணா. மொதல்ல வேற ஒண்ணுல பாத்துக்கறேன்" என்று ஃபைலைப் புரட்டினாள். அதில் எல்லாமே அவளுக்கு வேண்டியவை. நான் என் டி.சி.யை உருவி நீட்டினேன்.

"வேணாம் மாமா."

"அத வச்சிக்கினு நான் எந்தக் காலேஜுல சேரப் போறேன்?"

இஸ்திரி அண்ணன் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வாங்கி, மேலே ஒரு துணியை விரித்துச் சூடு காட்டி, ஒரு மூலையைத் தூக்கினாள். சர்ரென்று தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு கிழிந்து வந்தது. அவள் கிழிந்ததைக் கூர்ந்து பார்த்தாள். மறுபாதியில் சூட்டைக் குறைத்து, பிளாஸ்டிக்கை மேலே தூக்காமல் காகிதத்தோடு படிய மடக்கிப் பின்னால் இழுத்தாள். அது சுத்தமாக வந்தது.

பிறகு பாட்டில் தண்ணீரில் கை கழுவித் துடைத்துக்கொண்டாள். சான்றிதழைக் குப்புறப் போட்டாள். ஒரு கை பிளாஸ்டிக்கை மடக்க, மறு கையின் இரண்டு விரல்கள் காகிதத்தை அழுத்திக்கொண்டே கூடவே நகர்ந்தன. கட்டைவிரல் அகலம் பிரிப்பாள், நிறுத்துவாள், மறுபடி சூடு. ஓர் இடத்தில் காகிதம் பஞ்சு போலக் கிளம்பியது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"இப்ப இழுத்தா தோலோட வந்துடும்" என்றாள். எதிர்மூலைக்குப் போய் அங்கிருந்து தொடங்கினாள்.

துணி வாங்க வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். அவளோ மெல்லிய குரலில், "ஆச்சு, இதோ ஆயிடுச்சு, கொஞ்சந்தான், மூச்சு வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னது என்னிடம்தான் என்பது பிறகுதான் உறைத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கல்யாணமாகி நான்கு வருஷம். அவள் வேலை செய்து அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"இன்னா வேல பாக்கற தங்கச்சி?" என்று இஸ்திரி அண்ணன் கேட்டார்.

"ஆஸ்பத்திரில, தீக்காயத்துக்குக் கட்டு பிரிக்கிற வேலண்ணா."

அவர், வெயில் சான்றிதழ் மேல் விழாமல் ஒரு லுங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

கடைசி மூலை பிரிந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. ஓடினோம். சரிபார்க்கும் அம்மா பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சீலைக் குத்தினார். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது, அடக்கி வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். "படிச்சி முடிச்சா துபாய்க்குப் போயிடுவியா?"

"துபாயா? உங்கள வுட்டுட்டுப் போனா, நான் ஏறுன பிளேன் வுழுந்துடுச்சான்னு ஆகாசத்தப் பாத்துக்கினே பஞ்சர் ஒட்டுவீங்க. எவன் டயர் நிக்கும்?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"வேலைக்குச் சேந்த மொத வாரம் ஒரு அக்காவுக்குக் கட்டு பிரிச்சேன் மாமா. ரெண்டு கையும் வெந்துபோனவங்க. ஜல்தி முடி, இன்னும் எட்டுப் பேர் இருக்காங்கன்னு சீனியர் நர்ஸ் சொன்னாங்க. கட்ட வெடுக்குன்னு இழுத்துட்டேன், தோலோட வந்துடுச்சு. அந்தக்கா கத்தல. என்னைப் பாத்து 'பரவால்ல பாப்பா'ன்னாங்க. அதுக்கப்புறந்தான் இதெல்லாம் நானா கத்துக்கினேன். இனிமே வர்ற பொண்ணுங்க யாரோ ஒருத்தரோட வெந்த கைல கத்துக்கக் கூடாது. காலேஜ்லயே சொல்லிக் குடுக்கணும். அதுக்கு எம்.எஸ்சி. படிச்சாத்தான் என்ன அங்க டீச்சரா நிக்க வுடுவாங்க. விண்ணப்பத்துலயும் இதத்தான் எழுதுனேன்."

நான் அவள் மடியிலிருந்த ஃபைலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் கடைசிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். என் கவலைகள் அப்படியேதான் இருக்கின்றன. பஸ் தாமதமானால் இன்றும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். ஆனால் முகம் தெரியாத அந்த அக்காவின் வலியிலிருந்து கற்றதைத்தான் அன்று என் தவறின் மேல் அத்தனை பொறுமையாகச் செய்தாள் என்று புரிந்த நாளிலிருந்து, அவள் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைகளை ஒரு நிமிஷம் பார்க்காமல் நான் பேச்சைத் தொடங்குவதில்லை.