உள்ளே வந்தது யார்?

ஹாலில் 'டொப்'பென்று ஏதோ விழுந்தது. சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. குட்டி விழுந்துவிட்டாளா?

"குழந்தைதான்! குழந்தையேதான் வந்தது!" என்று டிரைவர் அண்ணன் கத்துவது கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. விழுந்தது புத்தகம். 'மறைகோட்டை' நாவலின் ஏழாவது, கடைசிப் பாகம். வாரம் ஒரு மாலை மறைகோட்டை ரசிகர்கள் அவள் வீட்டில் கூடுவது வழக்கம். எந்த வாதத்தையும் அவர் புத்தகத்தைத் தரையில் அடித்துத்தான் தொடங்குவார்.

"அண்ணே, அது காசு கொடுத்து வாங்கின புத்தகம். உங்க பஸ் இல்ல" என்று கணக்கு டீச்சர் அதட்டுவதும் கேட்டது.

சிரித்திருக்க வேண்டியவள் சிரிக்கவில்லை. அந்த ஹாலில் மூன்றாவதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். பச்சைச் சட்டை போட்டவன். இந்த வீட்டுக்கு அவன் வரத் தொடங்கிய நாளிலிருந்தே அவள் மனம் ஒரு நிலையில் இல்லை. எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும், உள்ளறைக் கதவு தெரிகிற நாற்காலியில்தான் அவன் உட்காருவான். அந்த உள்ளறையில்தான் குட்டி இருந்தாள்.

தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். பகல் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமின் அளவுக்கு ஏற்பக் கண்ணாடியின் ஓரம் தேய்ப்பாள். ஊசிமுனை அளவு திருகுகளை மாட்டுவாள். எழுத்துப் பலகையின் முன் ஆட்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வாள். பார்வை குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள ஜனங்களுக்கு அத்தனை வெட்கம். முன்னால் போனவர் படித்ததைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் பேசாமல் பலகையைத் திருப்பி மாட்டுவாள். சாயம் வெளுத்துவிடும். அப்படிப் பழகியதால், யார் நன்றாகப் பேசினாலும் ஒரு கணம் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள்.

குட்டி அவள் பெற்ற பிள்ளை இல்லை. அக்காவின் மகள். அக்கா நோயில் படுத்திருந்த நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இவள்தான் மறைகோட்டையை வாசித்துக் காட்டினாள். இரண்டாம் பாகம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள். கைக்குழந்தையை இவள் மடியில் போட்டுவிட்டு அத்தான் வேறு ஊருக்குப் போனார். அங்கே இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும், "குழந்தை யாருது?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். போகட்டும் என்று இருந்துவிட்டாள். அந்தப் பிஞ்சு விரல்கள் தன் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது, அவளுக்கு உலகத்தில் வேறென்ன வேண்டியிருந்தது?

போன மாதம் அத்தான் போன் செய்தார். "என் பொண்ணு என்கிட்டதானே இருக்கணும்? சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதற்கு அடுத்த வாரம் பச்சைச் சட்டைக்காரன் கடைக்கு வந்தான். கடையிலேயே விலை குறைந்த கண்ணாடி ஒன்றை வாங்கினான். மேஜைமேல் கிடந்த ஏழாம் பாகத்தைப் பார்த்து, "நானும் இதுக்கு ரசிகன்ங்க" என்றான். அப்படித்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தான்.

அவள் தேநீரோடு ஹாலுக்கு வந்தாள்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்று பிடித்துக்கொண்டார் டிரைவர் அண்ணன். "கடைசி வரி என்ன? 'மழை நின்றது. கதவு திறந்தது. உள்ளே வந்தது.' அவ்வளவுதான். வந்தது யாரு? ராணியோட தொலைஞ்சுபோன குழந்தை. பெத்தவகிட்ட வந்து சேர்ந்துடுச்சு. சுபம்!"

"இல்லண்ணே. கொம்பனார்தான் வந்திருக்கார்" என்றாள் கண்ணாடிக்காரி.

"எப்படி வருவார்? கொம்பனார்னா 'வந்தார்'னு இல்ல எழுதியிருப்பாங்க?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கொம்பன் என்பது ராணிக்குக் காவல் நிற்கும் வெள்ளை விலங்கு. மூன்றாம் பாகத்தில் அது தன் கொம்பையே முறித்துக் கொடுத்து ராணியைக் காப்பாற்றியது. அந்தப் பக்கத்திலிருந்து எழுத்தாளர் 'அது' என்பதை விட்டுவிட்டார். கொம்பனார், அவர், வந்தார், படுத்தார் என்று எல்லாமே மரியாதைதான். ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சொந்த மாமனாரை 'அந்த ஆளு' என்கிற டிரைவர் அண்ணன்கூட, கொம்பனாரை யாராவது ஒருமையில் சொன்னால் சண்டைக்குப் போவார்.

"அச்சுப் பிழையா இருக்கலாம்" என்றாள் மெல்ல.

"ஏழு பாகம் எழுதினவங்க கடைசி வார்த்தையிலயா பிழை விடுவாங்க?" என்றாள் டீச்சர். "உனக்கு ஏன்டி இந்தப் பிடிவாதம்? அந்தக் குழந்தை ராணிகிட்ட வந்தா உனக்கென்ன நஷ்டம்?"

"உப்புக்காரி என்ன ஆவா?" என்று திருப்பிக் கேட்டாள் கண்ணாடிக்காரி. "ராணி பெத்தா, சரி. ஆறு பாகம் தோள்ல தூக்கி வளர்த்தவ உப்புக்காரி. குழந்தை கோட்டைக்கு வந்துடுச்சுன்னா, அவ வெறுங்கையோட எந்தத் தெருவுல நிப்பா? அதை யாராவது எழுதினாங்களா?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் போன் செய்தது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பச்சைச் சட்டைக்காரன் வாயைத் திறந்தான். "அவங்க சொல்றதுதாங்க சரி. கொம்பன்தான் வந்துச்சு. அது பாவம், அடிபட்டு எங்கேயோ கிடந்திருக்கும்."

டிரைவர் அண்ணன் கையில் கோப்பை பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

"கொம்பன் வந்துச்சுன்னு…"

"வந்துச்சா? அதுவா? மூணாம் பாகம் படிச்ச யாரும் அவரை அப்படிச் சொல்ல மாட்டாங்களே!"

இத்தனை நாளில் தன் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆள்! ஆனால் கண்ணாடிக்காரி கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். மனப்பாடம் செய்துவிட்டு வந்து ஒப்பிக்கிறானா இவன்? கடையில் செய்வதுபோலவே பலகையைத் திருப்பினாள்.

"அடிபட்டுக் கிடந்தவரை அவர் தம்பிதானே தூக்கிட்டுப் போனார்? தம்பி பேரு என்னங்க? எனக்கு மறந்துபோச்சு."

அவன் கழுத்தைத் தடவினான். "தம்பி… ஆமா. சின்னக் கொம்பன்தானே?"

"கொம்பனாருக்குத் தம்பியே கிடையாது."

டிரைவர் அண்ணன் எழுந்துபோய் வாசற்கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். "யாருப்பா நீ? வேவு பார்க்க வந்தியா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் கடைசிப் பாகத்துல நாலு பக்கம்தான் படிச்சேன். இவங்க அத்தான் எனக்கும் அத்தான்தான். என் அக்காவைத்தான் அவர் ரெண்டாவதா கட்டியிருக்கார்."

கண்ணாடிக்காரி ஓடிப்போய் உள்ளறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். "என் உயிர் போனாலும் குழந்தையைத் தர மாட்டேன். போய்ச் சொல்லு உங்க அத்தான்கிட்ட!"

"அத்தானுக்கு நான் வந்ததே தெரியாதுங்க. அக்காதான் அனுப்பினா. குழந்தை இங்க எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னா. நல்லா இருக்குன்னா, அத்தானைத் தடுக்கிறது அவ பொறுப்பாம். இல்லன்னா தானே கொண்டுபோய் வளர்ப்பாளாம். நேரா வந்து கேட்டிருந்தா நீங்க கதவைத் திறந்திருப்பீங்களா?"

"நம்பாதே" என்றாள் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு வாரம் புளுகினவன் அஞ்சாவது வாரம் உண்மை பேசுவானா?"

சத்தம் கேட்டு, கையெல்லாம் கலர் பென்சில் கறையோடு குட்டி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "உன் சித்தி உன்னை ரொம்பக் கேட்டாங்கம்மா."

குட்டி விழித்தாள். "சித்தி இதோ நிக்கிறாங்களே!"

"இவங்க இல்லம்மா. ஊர்ல இருக்கிற சித்தி."

"அவங்களும் அம்மாவோட தங்கச்சியா?"

தாயின் தங்கைக்கும் தந்தையின் மறுதாரத்துக்கும் நம் மொழி ஒரே பெயரைக் கொடுத்துவைத்திருக்கிறது. அந்த ஒரு பெயருக்குள் இரண்டு பெண்கள் எப்படி நிற்பார்கள்? கண்ணாடிக்காரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. குட்டி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஏன் சித்தி அழறீங்க? இந்த மாமா திட்டினாரா?" என்று அவனை முறைத்தாள்.

இந்த மனிதன் சொல்வது நிஜமா? அந்த ஊர்க்காரி நல்லவளா, நல்லவள்போல நடிப்பவளா? இல்லை, அத்தானே சொல்லிக்கொடுத்து அனுப்பிய நாடகமா? கண்ணைத் துடைத்தபடி அவன் முகத்தையே பார்த்தாள். அதில் எதையும் அவளால் படிக்க முடியவில்லை. கதவை மறைத்த கையை மட்டும் மெல்ல எடுத்தாள்.

"நல்லாப் பார்த்துக்குங்க" என்றாள். "அதுதான் அவ கட்டில். அந்தச் சுவர்ல அவ வரைஞ்சது. ராத்திரி விளக்கை அணைச்சா பயப்படுவா. அதையும் உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

அவன் உள்ளறை வாசலில் நின்றபடியே பார்த்தான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்றேன்" என்றான். கிளம்பும்போது தயங்கினான். "தப்பா நினைக்காதீங்க. அந்த உப்புக்காரி கதை… முதல் பாகம் ஒண்ணு இருந்தா கொடுப்பீங்களா?"

"பாருடி! திருப்பித் தர்ற சாக்குல மறுபடி வர்றதுக்கு வழி பண்றான்" என்றாள் டீச்சர்.

கண்ணாடிக்காரிக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் அலமாரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டிய, முனை மடங்கிய அந்தப் புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு இல்ல. உங்க அக்காவைப் படிக்கச் சொல்லுங்க. படிச்சு முடிச்சதும் அவங்களே கொண்டுவந்து தரட்டும். இனிமே ஆள் அனுப்ப வேண்டாம். தான் யாருன்னு வாசல்லயே சொல்லிட்டு வரட்டும். கதவைத் திறக்கிறேன்."

டிரைவர் அண்ணன் வழிவிட்டார். அவன் தலையசைத்துவிட்டு, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.