ஒடுக்கு எடுத்த தட்டு

பட்டறையில் அவரை டிங்கர் என்பார்கள். மோதி நசுங்கிய கார் கதவை உள்ளிருந்து தட்டித் தட்டி, எங்கே அடிபட்டது என்று கார்க்காரருக்கே தெரியாதபடி ஒடுக்கு எடுத்துவிடுவார். வீட்டில் வேலை நேர்மாறு. உப்பு கொஞ்சம் குறைந்தால் போதும், தட்டு பறக்கும். பீங்கான் தட்டுகள் கல்யாணமான வருஷமே காலி. அதன்பிறகு அவர் மனைவி எவர்சில்வருக்கு மாறினாள். அவையும் ஒன்றொன்றாக நசுங்கி, மேசைமேல் நேராக உட்காருகிற தட்டு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"என் ரத்தம் சூடு. நான் என்ன பண்றது?" என்பார், கோபம் இறங்கிய பிறகு. முப்பது வருஷமாக அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? ரத்தத்தோடு யார் போய் வழக்காடுவது?

அறுபதை நெருங்கும்போது அவருக்கு புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. அந்த நோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி என்றார் டாக்டரம்மா. அதைச் சுரக்கவிடாமல் தடுக்க ஊசி போட்டார்கள். ஊசி நோயோடு நிற்கவில்லை, ஆளையே மாற்றியது. சில மாதங்களில் மனிதர் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். கட்டிலில் அவர் கை அவளைத் தேடுவது நின்றது. மார்பு முடி உதிர்ந்தது, இடுப்பு பெருத்தது. டிவியில் நாய்க்குட்டி தொலைந்தால்கூட அழுதார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முகம் சிவந்து, சட்டை நனைந்து, விசிறியைத் தேடினார்.

"என்னடி இது, உள்ளுக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி எரியுது?"

"எனக்கு மாதவிலக்கு நின்னப்போ இதேதான். நடிக்கிறேன்னு சொன்னீங்க."

விசிறியைக் கீழே வைத்துவிட்டு, "தப்புதான்" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் பட்டறையிலிருந்து சின்னச் சுத்தியலும் மரக்கட்டையும் கொண்டுவந்தார். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து ஒடுக்கு எடுத்தார். எல்லாத் தட்டுகளும் ஆடாமல் உட்கார்ந்தன.

அவள் சந்தோஷமாக இருந்தாள். சொல்லக் கூசுகிறது, ஆனால் இருந்ததை இல்லை என்பானேன்? புருஷனுக்குப் புற்றுநோய், பெண்டாட்டிக்கு நிம்மதி. இந்த நிம்மதி போய்விடுமோ என்று வேறு பயந்தாள். இப்படி நினைக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தாள்.

பயந்தது நடந்தது. "நோய் நல்லா அடங்கியிருக்கு. ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம். ஹார்மோன் மெதுவா திரும்ப வரும்" என்றார் டாக்டரம்மா.

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ நான் பழையபடி ஆயிடுவேனா?"

"நிறுத்தாம போட்டுக்கிட்டே இருந்தா என்ன டாக்டர்?" என்று அவள் குறுக்கே விழுந்தாள்.

"எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்ல. ஏன்மா?"

வாய் முந்திக்கொண்டது. "அதோட சேர்ந்து கோபமும் வந்துடுமே. தட்டு பறக்கும் டாக்டர்."

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "கோபம் கூடினாலும் கூடலாம், கூடாமலும் இருக்கலாம். அது ஆளுக்கு ஆள் மாறும். ஆனா தட்டைத் தூக்கி எறின்னு எந்த ஹார்மோனும் சொல்றதில்லைங்க. பட்டறையிலயும் இப்படித்தான் எறிவீங்களா?"

பட்டறை முதலாளி தினமும் நாக்கூசாமல் திட்டுவார். டிங்கர் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார், ஒரு ஸ்பேனரைக்கூட ஓங்கி வைத்ததில்லை. ஊருக்கெல்லாம் வீட்டில் எலி வெளியில் புலி என்றால், இவர் வெளியில் எலி வீட்டில் புலி. இத்தனை வருஷம் இது தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். தெருவில் நடக்கும்போது கேட்டேவிட்டாள்.

"முதலாளி திட்டறப்போ உங்க சூடான ரத்தம் எங்கங்க போச்சு?"

அவர் நடந்துகொண்டே இருந்தார். பஸ் நிறுத்தம் வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஊசி நின்றது. மாதங்கள் போகப் போக வேர்வை நின்றது, கை மறுபடி அவளைத் தேடியது. டிவி பார்த்து அழுவதும் நின்றது. தட்டு மட்டும் பறக்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று எதிர்பார்த்தபடியே அவள் சோறு போட்டாள்.

ஒரு மத்தியானம் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். முதல் வாயிலேயே அவர் மெல்லுவதை நிறுத்தினார். கன்னத்து நரம்பு அசைந்தது. மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. விரலிடுக்கில் பார்த்தாள். அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார், அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கழுவத்தான் எடுத்தேன்" என்றார்.

"தெரியுது" என்றாள் அவள். கையை இறக்கப் பார்த்தாள். அது இறங்க மறுத்தது.