புல் வெட்டும் வண்டியின் பிளேடு

எங்கள் வீட்டு சரஸ்வதி பூஜையில் ஒரு வருடம், என் கணக்குப் புத்தகத்துக்கும் அம்மாவின் சுருதிப் பெட்டிக்கும் நடுவே, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஓர் இரும்புப் பட்டை படுத்திருந்தது. புல் வெட்டும் வண்டியின் பிளேடு அது. நான் அப்போது நாலாம் வகுப்பு. புத்திசாலி என்று பெயர் வாங்க நான் செய்த முயற்சிகளில் அந்த பிளேடு விஷயம் ஒன்றுதான் முழு வெற்றி அடைந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாங்கள் வங்காளத் தலைநகரில், லேக் கார்டன்ஸ் பக்கம் குடியிருந்தோம். அப்பாவுக்கு சால்ட் லேக்கில் ஒரு பெரிய அலுவலகத்தில் கட்டடத்தையும் தோட்டத்தையும் பராமரிக்கிற உத்தியோகம். அலுவலகத்துக்கு முன்னால் கால்பந்து மைதானம் அளவுக்குப் புல்வெளி. நாலு தோட்டக்காரர்கள் தள்ளு மெஷினை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் வெட்ட ஆரம்பித்து மறு மூலைக்கு வருவதற்குள், ஆரம்பித்த மூலையில் மறுபடி புல் வளர்ந்திருக்கும். உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று வாங்கினால் நாலு பேர் வேலையை ஒருவரே பார்த்துவிடலாம் என்று அப்பா மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதை மேலிடம் அப்பா எதிர்பார்த்ததைவிடக் கவனமாகப் படித்துவிட்டது. மூடிப்போன ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்திலிருந்து பழைய வண்டி ஒன்று வந்து இறங்கியது. வண்டி ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் மூன்று தோட்டக்காரர்களை நிறுத்திவிடுவது என்றும் முடிவாயிற்று. அந்த மூவரில் நிமாய் காக்குவும் ஒருவர். காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா. சனிக்கிழமைகளில் நான் அப்பாவோடு போனால் சட்டைப் பையிலிருந்து நெல்லிக்காய் எடுத்துக் கொடுப்பார். இந்த முடிவை அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

விஸ்வகர்மா பூஜைக்கு அலுவலகத்தில் பந்தல் போட்டார்கள். பிரித்தவர்கள் ஓர் இரும்பு முளையைப் புல்லுக்குள் மறந்துவிட்டார்கள். மறுநாள் வண்டி அதன்மேல் ஏறியது. அடியில் சுழலும் இரண்டு பிளேடுகளும் வளைந்துபோயின. தட்டி நிமிர்த்திப் பார்த்தார்கள், வண்டி காய்ச்சல் கண்டவனைப் போல நடுங்கியது. புது பிளேடுதான் போட வேண்டும், ஆனால் வண்டியோடு வந்த புத்தகம் எதுவும் கிடையாது. அளவு பார்த்து வாங்குவதற்காக அப்பா ஒரு பிளேடைத் தன் கையாலேயே கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கொண்டுவந்த பிளேடு நவராத்திரி வரைக்கும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பூஜையன்று வீட்டைப் பெருக்கிய அம்மா அதைக் கண்டுபிடித்தாள். "இதுவும் ஆயுதந்தானே, வச்சுடு" என்று என்னிடம் கொடுத்தாள். சந்தனம் குங்குமம் இடுகிற வேலை என்னுடையது. பிளேடுக்கு நட்டநடுவே ஓர் ஓட்டை இருந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. குழைத்த சந்தனத்தை அதற்குள் திணித்து, வழித்து, வட்டமாக மெழுகி, மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

நவமி மத்தியானம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழைவிட வங்காளி சரளமாக வரும், எந்தச் சாமானுக்கும் ஓர் ஆளைத் தெரிந்து வைத்திருப்பார். மல்லிக் பஜாரில் பிளேடு வரவழைத்துக் கொடுக்கிற கடைக்காரர் ஒருவர் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறாராம், அதற்குள் படமும் அளவும் அனுப்பினால் இன்றைக்கே சொல்லிவிடுவாராம். பிளேடு சரஸ்வதி முன்னால் இருந்தது. "வச்சாச்சுன்னா நாளைக்குக் காலம்பற வரைக்கும் யாரும் தொடப்படாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா இருந்த இடத்திலேயே போனில் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு கும்பிட்ட கைகளோடு 'சுபோ நவமி' என்று பதில் வந்தது. மாமா கடைக்காரரைக் கூப்பிட்டு, அனுப்பியது வாழ்த்து இல்லை, பிளேடு என்று புரியவைப்பதற்குள் வியர்த்துவிட்டார்.

பிறகு பிளேடில் படாமல் டேப்பை அந்தரத்தில் பிடித்து நீளத்தை அளந்தார். "நடு ஓட்டை என்ன ஷேப்புன்னு கேக்கறார். வட்டந்தானே அத்திம்பேர்?"

அப்பா குனிந்து என் சந்தனத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"வட்டமாத்தான் தெரியறது" என்றார்.

தீபாவளியன்று வருகிற காளி பூஜை முடிந்து இரண்டு வாரம் கழித்து வட்ட ஓட்டை போட்ட பிளேடுகள் வந்தன. வண்டியில் உட்கார மறுத்தன. அப்பா பழைய பிளேடைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தார். காய்ந்து பாறையாகிப் போன சந்தனத்தை மாமா ஸ்க்ரூ டிரைவரால் நோண்ட, உள்ளேயிருந்து ஒரு நட்சத்திரம் வெளிவந்தது. வட்டமே இல்லை.

"அத்திம்பேர், இதை நீங்கதானே கழட்டினேள்? பாக்கலையா?"

"அவசரத்துல கவனிக்கல."

அடுத்த அறையில் ஓடுகிற ஃபேனில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் காதால் கண்டுபிடிக்கிறவர் அப்பா. ஆனால் நான் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. சந்தனம் அப்பியது நான். ஓவென்று அழுதேன். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று எண்ணச் சொன்னார். மூன்று தரம் எண்ணினேன். மூன்று தரமும் ஆறு வந்தது. அப்பா ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி மாமாவிடம் கொடுத்தார்.

டிசம்பரில் புது பிளேடுகள் வந்தன. அவற்றின் நட்சத்திரத்துக்கு ஐந்தே முனை.

எனக்குத் தலை சுற்றியது. கணக்கில் எனக்கு வந்துகொண்டிருந்த மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால், ஆறு என்று நான் எண்ணியது ஐந்தாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. பழைய பிளேடை எடுத்து மறுபடி எண்ணினேன். ஆறுதான். அப்படியானால் ஐந்து எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் கேட்டேன். "நீ சரியாத்தான் எண்ணினே. தப்பு என்னோடது" என்றார். என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

வீட்டில் சூழ்நிலை சரியில்லை. ஜனவரிக் கடைசியில் அந்தப் புல்வெளியில் அலுவலகத்தின் ஆண்டு விழா. தில்லியிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும் என்று அப்பாவுக்குக் கடிதம் வந்திருந்தது. அவருக்கு வரவேண்டிய மேனேஜர் பதவி அவருக்கு ஜூனியரான ஒருவருக்குப் போகப்போகிறது என்றும் பேச்சு அடிபட்டது. "ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறேள். மூணு மாசமா ஒரு பிளேடு வாங்கத் துப்பில்லையா?" என்று அம்மா கேட்டாள். அப்பா சாம்பாரை ஊற்றிக்கொண்டார். அம்மா எழுந்துபோய் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினாள். எல்லாம் என் சந்தனத்தால் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமாய் காக்கு வீட்டுக்கு வந்தார். இரண்டு தொட்டிகளில் சந்திரமல்லிகா, சாமந்தியில் ஒரு வகை, பந்து பந்தாக மஞ்சள் பூ. அப்பா அவரைப் பார்த்ததும் பதறிப்போய் வாசலுக்கு ஓடினார். "எதுக்கு இதெல்லாம்? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று வங்காளியில், தணிந்த குரலில் கடிந்துகொண்டார். பூத்தொட்டியைப் பார்த்து அப்பா ஏன் பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நிமாய் காக்கு தொட்டிகளைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஃபால்குன் மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் சார். அதுவரைக்கும் வேலை இருந்தாப் போதும்." ஃபால்குன் என்றால் நம் மாசி.

எனக்கு எங்கோ விளக்கெரிந்த மாதிரி இருந்தது. நிமாய் காக்குவுக்கு வேலை இருக்க வேண்டும். வேலை இருக்க வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். வண்டி ஓட வேண்டுமென்றால் பிளேடு வேண்டும். பாவம், பிளேடு இல்லாததால் அவருடைய பெண்ணின் கல்யாணமே நின்றுவிடும் போலிருக்கிறது! கணக்கில் மக்கான எனக்கே இது புரிந்தது, அப்பாவுக்கு ஏன் புரியவில்லை?

அன்று மத்தியானம் அப்பா தூங்கும்போது பழைய பிளேடை இழுத்துப் போட்டேன். அதன் மேல் காகிதத்தை விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். பள்ளியில் அரச இலையை வைத்து இப்படித் தேய்த்துப் பதிவெடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நட்சத்திரம் ஆறு முனையோடு அச்சாக விழுந்தது. பிளேடு முழுவதையும் நாலு காகிதம் ஒட்டிப் பதிவெடுத்தேன். அடுத்த முறை மாமா வந்தபோது மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அதைக் கொடுத்தேன்.

மாமா வாயைப் பிளந்தார். "அடி சக்கை! உங்க அப்பாவோட மூளை எல்லாம் உனக்கு வந்துடுத்துடி. அவர்கிட்ட மூச்சு விடாதே, பிளேடு வந்தப்புறம் காட்டுவோம்" என்றார். தானே கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பொங்கலுக்கு மறுநாள் பார்சல் வந்தது. நான்தான் பிரித்தேன். பழைய பிளேடின் மேல் புது பிளேடை வைத்தால் மயிரிழை பிசகவில்லை. மாமா கை தட்டினார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இரண்டு கையிலும் பிளேடைத் தூக்கிப்போய் அவர் முன்னால் நீட்டினேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார். நடுவிலிருந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தடவினார். துள்ளிக் குதிப்பார், தூக்கிச் சுற்றுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யார் அளவு எடுத்தா?"

"நான்தான்ப்பா! தேச்சுத் தேச்சு எடுத்தேன்."

"ரொம்ப நன்னாப் பண்ணியிருக்கே" என்றார். என் தலையில் கை வைத்தார். அந்தக் கை எடுக்க மறந்தது போல அங்கேயே இருந்தது. அலுப்பாக இருக்கும், பஸ்ஸில் கூட்டம் அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்டு விழாவுக்கு எங்களையும் அழைத்துப் போனார். புல்வெளி கம்பளம் விரித்தது போலிருந்தது. வண்டியைத் துடைத்து, ஓரமாக நிறுத்தி, மாலை போட்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்திரமல்லிகாப் பாத்திகளின் பக்கம் ஓடிப்போய்த் தேடினேன். நிமாய் காக்குவைக் காணவில்லை. நாலு தோட்டக்காரர்களில் ஒரே ஒருவர்தான் கண்ணில் பட்டார், இப்போது வண்டி ஓட்டுகிற இளைஞர்.

"நிமாய் காக்கு எங்கேப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போயிருக்கார்."

கல்யாண வேலைக்குத்தான் போயிருக்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் திரும்பி வந்ததும், பிளேடைக் கண்டுபிடித்தது நான்தான் என்று மறக்காமல் சொல்லும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். அப்பா சரி என்றார்.