பாபநாசத்தின் கீழுதடு

குமாஸ்தா நீட்டும் சீட்டை வாங்கி, அதிலுள்ள பெயரை முதலில் மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்து, தோளில் குறுக்கே ஓடும் சிவப்பு டவாலியை ஓர் இழுப்பு இழுத்து, பித்தளை வில்லை நெஞ்சின் நடுவுக்கு வந்துவிட்டதா என்று தடவிக்கொண்ட பிறகுதான் பாபநாசம் வாயைத் திறப்பார். தென்காசி முன்சீப் கோர்ட்டுப் படியில் நின்று அவர் கூப்பிடும் பெயர் முதல் தடவை வேப்பமரத்தடி வரை போகும். இரண்டாம் தடவை தெருவைத் தாண்டிக் காப்பிக் கடைக்குள் நுழையும். மூன்றாம் தடவை எங்கே போகும் என்பது ஆளைப் பொறுத்தது. பெண்பிள்ளை பெயரானால் குரலைத் தணித்துக்கொள்வார். "பொம்பளையாளு கோர்ட்டுக்கு வாரதே பெரிசு. அதட்டிக் கூப்பிட்டா மிரண்டு போயி வந்த வழியே திரும்பிருவா" என்பது அவர் கட்சி.

கடையநல்லூர் நெசவாளிகளின் பெயரை வாப்பா பெயர், தெருப்பெயர் சகிதம் சொல்வார். சீட்டில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தால் கையால் தொடமாட்டார். "முழுப்பேரைப் போடும்வே. கொறைச்சுக் கூப்பிட்டா பாதி ஆளுதான் வருவான்" என்று குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பிவிடுவார். முன்சீப்புகள் மாறினார்கள், ஒருவரும் இந்த விஷயத்தில் தலையிட்டதில்லை.

அச்சன்புதூர் வாய்க்கால் வழக்கொன்றுக்காக ஏழு வருஷம் அந்தக் கோர்ட்டுக்கு நடந்தவன் நான். மரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து, என் வக்கீலைவிட அவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. கோர்ட்டு எல்லைக்குள் கால் வைத்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். வீட்டில் பேசுவது அவர் மனைவி வள்ளித்தாய்க்கே கேட்காது. "இங்கன தண்ணி கேட்டா அடுப்படி வரைக்கும் எட்டாது அண்ணாச்சி. சத்தத்தையெல்லாம் சர்க்காருக்குன்னு எடுத்து வச்சிருக்காவ" என்பாள்.

தாது வருஷம் பிறந்த சமயம், கீழுதட்டின் வலது ஓரத்தில், சிவப்பும் தோலும் சேரும் கோட்டில், நெல்லுமி ஒட்டியது போல ஒன்று தெரிந்தது. தட்டிவிட்டார், போகவில்லை. ஆனியில் அது கிளி நகம் போல் ஆயிற்று. ஆவணிக்குள் ஆட்டுக்குட்டிக்கு முளைக்கும் கொம்பு போல், மஞ்சளும் பழுப்புமாக, வரிவரியாக, நுனி கீழே வளைந்து நின்றது. நகத்தைவிடக் கெட்டி. வெண்கலக் கும்பாவில் வாய் வைத்துக் கஞ்சி குடித்தால் விளிம்பில் பட்டு 'டக்'கென்று கேட்கும். வள்ளித்தாய் திரும்பிப் பார்ப்பாள். அவர் கும்பாவைக் கீழே வைத்துவிடுவார்.

என்னென்னவோ செய்தார்கள். சவரம் செய்கிறவர் கத்தியால் சீவிவிட்டார். முன்னைவிடத் தடியாக முளைத்தது. வைத்தியர் வைத்த சுண்ணாம்புக் களிம்பில் உதடு வெந்ததே தவிர, கொம்பு வேகவில்லை. சங்கரன்கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் பூசிக்கொண்டார். வெள்ளியில் உதடு செய்து உண்டியலில் போடலாமென்றால், உதட்டுக்கு மட்டும் அச்சு இல்லையென்று கடைக்காரன் முழு முகமாகவே விற்றுவிட்டான். சாரல் விழுந்ததும் வள்ளித்தாய் அவரை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலை மூலிகையெல்லாம் ஊறி வருகிற தண்ணீர் ஆயிற்றே என்று, உதட்டை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் அருவிக்குக் கீழே நின்றார். பக்கத்தில் குளித்தவர்கள், இந்த மனுஷருக்கு யார் மேல் இவ்வளவு கோபம் என்று பார்த்தார்கள்.

தென்காசி டாக்டர் ஆடி மாதமே பார்த்துவிட்டு, இதை இங்கே தொடுவது சரியில்லை, திருநெல்வேலிக்குப் போய் அறுத்து எடுத்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு டவாலியின் மடிப்புக்குள் மூன்று மாதம் கிடந்தது. பாபநாசத்தின் சின்னையா ஒருவர் வாய்ப்புற்றில் போனவர். "மொதல்ல சத்தம் போச்சு. பொறவுதான் உசிரு போச்சு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "உதட்டை வெட்டிட்டா என்னத்தை வச்சுக் கூப்பிட?" என்று மட்டும் அடிக்கடி கேட்பார்.

புரட்டாசி போவதற்குள் உதடும் உதடும் கூடுவது நின்றுவிட்டது. 'ப', 'ம' இரண்டும் வரவில்லை. 'வ' காற்றாகப் போயிற்று. உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் என்று செய்யுளில் ஒரு வகை உண்டு. புலவர்கள் வித்தை காட்டுவதற்காகப் பாடுவார்கள். பாபநாசம் வேறு வழியில்லாமல் அதைத் தினசரிப் பேச்சிலேயே பழகிக்கொண்டிருந்தார். 'வள்ளி' என்று கூப்பிட்டுவந்தவர் 'ஏட்டி' என்று மாற்றிக்கொண்டார். 'மோர்' வேண்டுமென்றால் கையால் கடைந்து காட்டுவார். ஆனால் கோர்ட்டுச் சீட்டில் வரும் பெயர்களை அவரால் மாற்ற முடியாதே!

ஐப்பசியில் ஒரு நாள் பூவம்மாள் என்ற விதவையின் வழக்கு வந்தது. அவள் குடியிருக்கும் ஓட்டு வீடு அவளுக்கா, கொழுந்தனுக்கா என்பது விவகாரம். பாபநாசம் படியில் நின்று கூப்பிட்டார். ஊ என்று தொடங்கி என்னவோ போல் முடிந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. பூவம்மாள் எனக்கு எதிரே, படியிலிருந்து பத்தடி தூரத்தில், முந்தானையைக் கையில் சுருட்டியபடி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவையும் கூப்பிட்டாயிற்று. உள்ளே முன்சீப் பேனாவை எடுத்துவிட்டார். ஆள் வரவில்லை என்று ஒரு வரி எழுதினால் வீடு போயிற்று.

பாபநாசம் ஓடினார். டவாலி போட்ட ஆள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். மரத்தடிக்கு வந்து அவள் முன்னால் நின்று, இரண்டு கையாலும் கோர்ட்டைக் காட்டி, "ஆத்தா, நீதான்! நீதான்!" என்று கத்தினார். அவள் பதறி எழுந்து ஓடினாள். முன்சீப் பேனாவை வைத்தார்.

மத்தியானம் கட்டடத்துக்குப் பின்னால் அவரைக் கண்டுபிடித்தேன். துண்டை வாயில் பொத்திக்கொண்டிருந்தார். துண்டில் ரத்தம். கொம்பின் அடியில் வெடித்திருந்தது.

"இன்னைக்கு ஓடிட்டேன், அண்ணாச்சி. நாளைக்கு ஆளு யாருன்னு தெரியாட்டி?" என்றார். துண்டை மறுபடி வாயில் ஒற்றிக்கொண்டு, "கத்தியோ கித்தியோ, எடுத்துரட்டு" என்று மடிப்பிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரம் மூவருமாகத் திருநெல்வேலிக்கு ரயிலேறினோம். எனக்கும் அங்கே வக்கீலைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு நான் திரும்பி வருவதற்குள் ஒரு கூத்து நடந்துவிட்டது. பெயர் எழுதுகிறவர் பெயரைக் கேட்டிருக்கிறார். பாபநாசம் என்ற பெயரில் அவரால் சொல்ல முடிந்தது 'நாச' மட்டும். "என்னது, நாசமா?" என்று எழுதுகிறவர் வள்ளித்தாயைப் பார்த்திருக்கிறார். அவள் புருஷன் பெயரைச் சொல்லுகிறவள் அல்ல.

"அருவி விழுமே, கோயில் இருக்குமே, அந்த ஊரு பேருதான்யா" என்றிருக்கிறாள்.

"எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?"

"தென்காசி."

எழுதுகிறவர் உடனே 'குற்றாலம்' என்று எழுதிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். நான் வந்து மாற்றச் சொல்வதற்குள் டாக்டரின் அறைக்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் ஆவுடைநாயகத்துக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. பென்சிலால் கொம்பை மெல்லத் தட்டினார். அடியில் விரலை வைத்து அழுத்தினார். தாடைக்குக் கீழே, கழுத்தில், இரண்டு பக்கமும் நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குப் பேரே கொம்புதான். மனுஷனுக்கு எப்பவாவது மொளைக்கும். கொம்பைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கணும். கொஞ்சம் உதட்டோட சேத்து எடுத்து, மதராசுக்கு அனுப்பி, பெரிய கண்ணாடியில வச்சுப் பாக்கச் சொல்லுவேன்."

வள்ளித்தாய் கதவோரத்திலிருந்து, "ஐயா, அவியளுக்கு வாயாலதான் பொழைப்பு" என்றாள்.

"தெரியுதும்மா. திரும்பச் சேத்துத் தைக்கத்தானே நான் இருக்கேன்?"

மரத்துப் போக ஊசி போட்டு, ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்து, நூலுக்குப் பதில் குதிரை மயிரால் தைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாபநாசம் மோவாயில் கட்டோடு வெளியே வந்தார். கம்பவுண்டர் கையிலிருந்த சின்னக் கண்ணாடிப் புட்டியைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். சாராய வாடை வீசிய தண்ணீரில் அந்தக் கொம்பு மிதந்தது. ஒரு சுண்டுவிரல் நகம் அளவுதான். அதை வெகுநேரம் பார்த்தார். ஆறு மாதமாகத் தன்னை ஆட்டிவைத்தது இதுதானா என்று நம்பமுடியாதவர் போல.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பம்பரம்னு சொல்லும்" என்றார். பாபநாசம் தயங்கினார். உதட்டைக் குவித்தார். "ஃபம்..." என்று காற்றோடு வந்தது. துடைத்துக்கொண்டார். "பம்பரம்." மறுபடி, "பம்பரம்!" கம்பவுண்டர் திரும்பிப் பார்த்தார். "பாபநாசம்!" என்று மூன்றாவதாக ஒன்று கிளம்பிற்று. வராந்தாவில் இருந்த நோயாளிகளில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். வள்ளித்தாய் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டுமே செய்தாள்.

ஆனாலும் மதராசிலிருந்து கடிதம் வரவேண்டியிருந்தது. மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் மோரும் கஞ்சியும்தான் அவருக்கு ஆகாரம், வேறெதுவும் இறங்கவில்லை. வெற்றிலைப் பெட்டியை வள்ளித்தாய் எங்கேயோ ஒளித்துவிட்டாள், அவர் தேடவுமில்லை. லீவில் இருந்த அவருக்குப் பதிலாகக் கூப்பிட வந்தவனின் சத்தம் வீடு வரை கேட்கும். பார்க்கப் போனபோது, "ஒரே மூச்சுல மூணு தடவையும் கூப்பிட்டுட்டு உள்ள போயிருதான் அண்ணாச்சி. பேரா அது, அள்ளிக் கொட்டுத கொள்ளா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் தானாக உதட்டுக்குப் போகும். "ஒட்டுது. எல்லாம் நல்லாத்தான் ஒட்டுது. அடியில என்ன இருக்குன்னு தெரியலியே" என்பார். பிறகு சின்னையாவின் கல்யாணம், சின்னையாவின் உழவு மாடு என்று எதையோ சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார்.

மார்கழி முதல் வாரம், வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. மறுபடி மூவரும் போனோம். வள்ளித்தாய் உள்ளே வர மறுத்துவிட்டாள். "நான் இங்கனயே இருக்கேன். கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்று ஆஸ்பத்திரி வளவிலிருந்த புளியமரத்தடியில் சோற்றுப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வராந்தாவில் ஒருவன் வந்து, "குற்றாலம்" என்று முனகிவிட்டுப் போனான். பாபநாசம் அசையவில்லை. நான் தோளைத் தொட்டு எழுப்பினேன். "ஒரு தடவைதான் கூப்பிடுதான் பாத்தியளா?" என்றார். விரல் தானாக உதட்டுக்குப் போயிற்று.

டாக்டர் மேஜை மேல் இருந்த காகிதத்தைக் கண்ணாடி வழியாக ஒரு தடவை படித்தார். எங்களுக்கு அது ஒரு வருஷம் போல இருந்தது.

"கெட்டது ஒண்ணும் இல்லை. வெறும் கொம்புதான். அடியும் சுத்தமா வந்துட்டுது" என்றார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டும். திரும்ப ஏதாவது தடிச்சா அன்னைக்கே வரணும், மூணு மாசம் மடியில வச்சிருக்கக் கூடாது. வெத்தலை, பொகையிலை கிட்டப் போகாதேயும். மத்தபடி எது வேணும்னாலும் சாப்பிடலாம்."

பாபநாசம் இரண்டு கையையும் கூப்பினார். திரும்பி நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

புளியமரத்தடியில் வள்ளித்தாய் பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "என்ன சொன்னாவ?"

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூன்று பொட்டலத்தில் ஒன்றை எடுத்து இலையைப் பிரித்தார். புளியோதரை, ஓரத்தில் வறுத்த மோர்மிளகாய். மிளகாயைக் கடித்து, சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். புது உதட்டில் காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டிற்று. துடைக்கவில்லை.

"ஏங்க, என்ன சொன்னாவ? அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்களேன்!"

அவர் வாயாலேயே வரட்டும் என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலை காலியாயிற்று. இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார்.

"ஐயோ, அது அண்ணாச்சிக்கு!" என்றாள் வள்ளித்தாய்.

வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினார். சொல்லிக்கொண்டே இருந்த வள்ளித்தாய் சட்டென்று நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மென்று விழுங்குவதைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பாபநாசம் நிமிராமல், சோற்றுக்கை இலையில் இருக்க, இடது கையை நீட்டி அவளுக்கென்று இருந்த மூன்றாவது பொட்டலத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.