பின்மனையின் வடமேற்கு மூலை

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னல் பின்மனையைப் பார்த்து இருக்கும். ஓசூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது அந்த மனையில் கேழ்வரகுத் தட்டைகூட முழுசாக மக்கியிருக்கவில்லை. விதைத்துக்கொண்டிருந்த காட்டை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். திருநெல்வேலி, மதுரை, சேலம் என்று கம்பெனி வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் வாங்கினோம். எழுபதுகளின் கடைசி அது. பால்காரரிடம் தெலுங்கு, காய்காரியிடம் கன்னடம், பக்கத்து வீட்டில் எல்லாம் கலந்த ஒரு பாஷை. நான் மட்டும் எல்லாரிடமும் திருநெல்வேலித் தமிழையே பேசினேன். புரியாதவர்கள் தகராறு வேண்டாம் என்று விலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஜன்னல் வழியாகத் தெரிகிற மூலையில்தான் என் முதல் பிள்ளையைப் புதைத்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட ஆண்பிள்ளை. நான் பச்சை உடம்போடு படுத்துக் கிடந்தேன். என் வீட்டுக்காரர் கூட வேலை பார்த்த ஒருவரை அழைத்துக்கொண்டு, புதைக்க இடம் கேட்டு அலைந்தார். பழைய ஊர்க்காரர்களுக்கு ஜாதிக்கு ஒரு சுடுகாடு இருந்தது. எல்லாரும் இரக்கமாகத்தான் பேசினார்களாம். "ஐயோ பாவம், உங்க ஆளுங்க எடத்துல வெச்சிக்கங்க" என்றார்களாம். எங்கள் ஆட்களின் இடம் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் பஸ்ஸில் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. இந்த ஊர் எங்களுக்கு வேலை கொடுத்தது, மனை கொடுத்தது, ரேஷன் கார்டும் கொடுத்தது. செத்தால் எங்கே போவது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நாங்களும்தான் யோசிக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் பின்மனை மூலையில் குழி வெட்டினார். நாய் தோண்டாமல் இருக்க மேலே கற்களை வட்டமாக அடுக்கி முள்ளைப் போட்டார். அந்த மனை யாருடையது என்றுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. பெங்களூரில் யாரோ வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். கூட வந்தவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போனபிறகு, விஷயம் எங்கள் இரண்டு பேருக்குள் நின்றது.

பேய் பிசாசுக் கதை சொல்ல நான் வரவில்லை. அங்கே நான் எதையும் பார்த்ததில்லை, ஒரு அழுகையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயாவது பார்த்திருப்பேன். மார்கழியில் ஓசூரில் விழும் பனிக்கு எதிரே வரும் ஆள் தெரியாது. போர்வைக்குள் கை கால் சூடேறும்போது எனக்கு அந்த மூலையின் நினைப்பு வந்துவிடும். ஒரு வருஷம் பொறுக்க முடியாமல், காயப்போடுவதுபோல ஒரு சாக்கைக் கொண்டுபோய்க் கற்களின் மேல் விரித்துவிட்டு வந்தேன். அப்புறம் வருஷாவருஷம் அது வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "என்னாக்கா, பனியிலயா சாக்கு காயப்போடறீங்க?" என்று சிரித்தாள். பெற்ற வயிற்றுக்குக் கிறுக்குப் பிடித்தால் அதற்கு மருந்து கிடையாது.

அப்புறம் மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போகும் வயசும் ஆனாள். பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் என் பார்வை அந்த மூலைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பின்மனை கிருஷ்ணகிரிக்கார பாய் ஒருவர் கைக்கு வந்தது. பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். பெரிய கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்க பவர் பிரஸ் போட்டு ஒரு ஷெட் கட்ட ஆசைப்பட்டார். பவர் பிரஸ் என்றால் தகட்டை அடித்து வெட்டுகிற மெஷின். ஒவ்வொரு அடிக்கும் தரை எழும்பி உட்காரும். எங்கள் மனைகளெல்லாம் குடியிருப்பு என்று பதிவானவை. தன் மனையை மட்டும் தொழில் மனையாக மாற்றித் தரச்சொல்லி அவர் மனுப் போட்டார். அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை இருந்தால் அதிகாரி நேரில் வந்து கேட்பார் என்று சொன்னார்கள்.

காலனி கொதித்தது. ஷிப்டு முழுக்க பிரஸ் பக்கத்தில் நின்று காது மந்தமான ஆண்கள், வீட்டுக்கு வந்து சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். சம்பளம் தருகிற சத்தம் வேறு, அடுத்தவன் காசு பண்ணுகிற சத்தம் வேறு. ஆனால் அவர்கள் கொதிப்பெல்லாம் பேச்சோடு சரி. ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். வீடு வீடாக ஏறி இறங்கியது நான்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீடு எது, நெஞ்சு வலிக்காரர் இருக்கும் வீடு எது, யார் வீட்டுச் சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டிருக்கிறது என்றெல்லாம் கேட்டு வைத்தேன். எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மைக் காரணத்தை மட்டும் சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"தெரிஞ்சா தோண்டி எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்லுவானுவ. மொதல்ல சொல்லப்போறது நம்ம காலனிக்காரனுவதான். மனை வெலை எறங்கிரும்லா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். என் பின்னால் வந்த அதே பெண்கள், குழந்தைகளை எங்கள் வீட்டுப் பக்கம் விடமாட்டார்கள். அதனால் எல்லாரிடமும் சத்தம், அதிர்வு, எண்ணெய் நாற்றம் என்று பேசினேன். பேசும்போதெல்லாம் கண்ணுக்குள் ஒன்றுதான் வரும். இரும்பு விழுந்து விழுந்து தரை அதிர, அடியில் அது படுத்திருக்கிறது.

ஒரு மத்தியானம் பாய் தனியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நேத்து மனையை அளந்தோம். அந்த மூலையில கல்லு வட்டமா இருக்குது. நாங்க பொதைக்கிறவங்க, எனக்குப் பாத்தா தெரியும்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஷெட்டுக்கு நாலு பக்கமும் எடம் வுடணும்னு ரூல் இருக்குது. அந்த மூலை எனக்கு வேணாம். சுத்திச் சொவுரு வெச்சி வுட்டுடறேன். உங்க பக்கம் ஒரு வழி வுடறேன், வந்து போங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"மூலையை விடுவீய பாய். சத்தத்தை எங்க கொண்டு விடுவீய?" என்று கேட்டேன்.

"அது என் கையில இல்லம்மா. மெஷின்னா அடிக்கத்தான் செய்யும்" என்றார். பொய் சொல்லாத மனுஷர். பொய் சொல்லியிருந்தால்கூட ஒருவேளை இறங்கி வந்திருப்பேன். பகலும் ராத்திரியும் ஷிப்டு போட்டு அடிப்பார்களே, அதற்குக் கீழே என் பிள்ளையை எப்படி விடுவது? முடியாது பாய் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். என் பிள்ளை அங்கே இருப்பது இந்த ஊரில் இப்போது தெரிந்த மூன்றாவது ஆள், நான் எதிர்த்துச் சண்டை போடுகிற ஆள்.

அதிகாரி பின்மனைக்கே வந்தார். காலனி மொத்தமும் கூடியது. ஒவ்வொருவரும் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். பாயும் தன் நியாயத்தைச் சொன்னார். ரோட்டுக்கு அந்தப் பக்கமெல்லாம் பட்டறைதானே, நான் ஒருத்தன் போட்டால் என்ன என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் அதிகாரி என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா சிரமம்?" என்று கேட்டார்.

"எங்க குழந்தை இந்தப் பக்கம்தான் சார் தூங்குது. இங்கே மெஷின் ஓடினா தூங்க முடியாது."

அவர் என் கையைப் பிடித்து நின்ற மகளைப் பார்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரர் குனிந்துகொண்டார். பாய் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நின்றார். இது ஏற்கெனவே பிணம் புதைத்த இடம், இதை என்ன குடியிருப்பு என்கிறீர்கள் என்று அவர் அங்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எங்கள் கூட்டம் அப்படியே உடைந்து போயிருக்கும். அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த மனுஷர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அவர் மனு தள்ளுபடி ஆயிற்று. காலனியில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு கரண்டி கூடவே வைத்தார்கள். சாப்பிட்டேன். அன்று ராத்திரி வெகு காலத்துக்குப் பிறகு முழுசாகத் தூங்கினேன்.

கொஞ்ச மாதம் கழித்து கெலமங்கலம் பஸ்ஸுக்காக நின்றபோது பாயைப் பார்த்தேன். அவரே கிட்டே வந்து, மனையைக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"இனிமே வீடு கட்றவங்களுக்குத்தாம்மா விக்க முடியும். மதுரைப் பக்கத்துப் பையன், புதுசா கல்யாணம் ஆனவன். நல்ல பையன்தான்." பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவன்கிட்ட அந்த மூலையைப் பத்தி எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. பட்டறை வரக்கூடாது என்று அத்தனை தூரம் ஓடினேனே, பட்டறை வராவிட்டால் அங்கே என்ன வரும் என்று ஒரு நாள்கூட யோசித்தேனா? வெறும் மனை வெறும் மனையாகவே கிடக்கும் என்று நினைத்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அந்தப் பையனும் பெண்ணும் வந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டு, அக்கா என்று கூப்பிட்டார்கள். அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். மேஸ்திரி கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். பின்பக்கம் வடமேற்கு மூலையில், அந்தக் கற்கள் கிடந்த இடத்திலேயே ஒரு சதுரம் போட்டார். அது என்ன என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"செப்டிக் டேங்குங்க. வாஸ்துப்படி வாயு மூலையிலதான் வெக்கணும்" என்றார்.

வீட்டுக்காரர் அந்தப் பையனிடம் போய், எங்கள் அடுக்களைக்கு நாற்றம் வரும், தள்ளி வைக்கக்கூடாதா என்று கேட்டார். அவன் பணிவாகத்தான் பதில் சொன்னான். "குழாயை நல்லா ஒசரமா வச்சிருவோம்ண்ணே, வாடை வராது. வாஸ்துவை மட்டும் மாத்த வேணாம்ண்ணே, புள்ளைத்தாச்சி இருக்குற வீடு." சட்டப்படி வீட்டுக்கு டேங்க் வேண்டும். அங்கே வீடு மட்டும்தான் வரவேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியது நாங்கள். யாரிடம் போய் ஆட்சேபணை சொல்வது?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நானே போனேன். அவள் மணல் குவியல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு துண்டை நீட்டினாள். பிள்ளை சுமக்கிறவளிடம், நீ குடிவரப்போகிற இடத்தில் ஒரு பிள்ளை கிடக்கிறது என்று சொல்வதா? எதிரிக்குக்கூட அதைச் செய்யமாட்டார்கள். மாங்காயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

குழி வெட்டிய அன்று வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றார். நான் அடுக்களை ஜன்னலைச் சாத்தினேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து வெகுநேரம் கை கழுவினார்.

"மண்ணுதான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

அது நிஜமா என்று நான் கேட்கவில்லை. அவர் இருந்தவரைக்கும் கேட்கவில்லை. நிஜமாக இருந்தாலும் தாங்காது, பொய்யாக இருந்தாலும் தாங்காது.

அவர்கள் குடிவந்தார்கள். அந்த வீட்டுக் கழிவறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் எங்கள் அடுக்களைக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு பவர் பிரஸ்ஸின் சத்தத்துக்குப் பயந்து நான் வாங்கிக்கொண்ட சத்தம் அது. இட்லி மாவு கரைக்கும்போது கேட்கும், மகளுக்குத் தலை பின்னும்போது கேட்கும். கேட்கும்போதெல்லாம் வாய்க்குள் மன்னித்துக்கொள் அப்பா என்று சொல்லிக்கொள்வேன்.

மார்கழி வந்தது. டேங்கின் மேல் போட்ட சிமெண்ட் பலகையில் காலை வெயில் விழும். அவளுக்கு அப்போது மாதம் நிறைந்துவிட்டது. ஒருநாள் அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கன வாங்கக்கா, கதகதன்னு இருக்கு, உக்காருங்க. இந்த வீட்டுல எனக்கு ரொம்பப் புடிச்ச எடமே இதுதான். எம்புட்டு அமைதியா இருக்கு. நீங்க மட்டும் சண்டை போடலைன்னா இந்நேரம் இங்க மெஷினு ஓடிக்கிட்டு இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

போகாமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. வேலியைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு பாத்தீகளாக்கா, வீட்டுக்குள்ள இருந்தா இவன் அசையவே மாட்டேங்கறான். இங்கன வந்து உக்காந்தாத்தான் ஒதைக்கிறான்" என்று சொல்லி, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

உதைத்தது. நான் கையை எடுக்கவில்லை.