தண்டவாளம் இல்லாத நிலையத்தில் கிறிஸ்புலோ

நான் பல்லியை முதலையாக்கிச் சொல்பவன் என்று மணிலாவில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் நேற்று மாலை நடந்த இதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. என் பென்ஷன் மேல் சத்தியம்.

சான் பாஸ்டோர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவன் நான். காலை வண்டியில் ஒருவன் தும்மினால் அடுத்த பெட்டியில் ஒருவன் வெளியே விழுவான், அவ்வளவு கூட்டம். வண்டியைத் தவறவிட்டவர்களுக்குக் கிறிஸ்புலோ இருந்தான். சின்னச் சக்கரங்கள் வைத்த பலகையைத் தண்டவாளத்தில் ஏற்றி, ஆளை உட்காரவைத்து, காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போவான். பிறகு புதுப் பாதை போடுகிறோம் என்று நிலையத்தை மூடினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். போன வாரம் கிறிஸ்புலோவும் செத்துப்போனான்.

என் மனைவி மிலாக்ரோஸிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு இதயம் பலவீனம். அதிர்ச்சி கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

இங்கே பிணத்தை ஒரு வாரம்கூட வீட்டில் வைத்திருப்பார்கள்; நேற்றுதான் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். சாவு வீட்டிலிருந்து இங்கே யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது நின்று, கூட வரும் செத்தவனை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் காபிக் கடைக்குப் போனார்கள். கஞ்சன் நான், மூடிய நிலையத்துக்குள் நுழைந்தேன். அவனை உதற அதைவிட மோசமான இடம் உலகத்திலேயே இல்லை என்று அப்போது உறைக்கவில்லை!

மணி 6:10. இன்னும் வெளிச்சம் இருந்தது.

கிர்ர்ர்...

இரும்பில் சக்கரம் உருளும் சத்தம். கீழே பார்த்தேன். வெறும் மண். புல்.

கிர்ர்ர்... கிட்டே.

"ஏறு அண்ணே, வீட்ல விடறேன்."

கிறிஸ்புலோ. அதே பலகை.

"நீ செத்துட்டடா!"

"அதுக்கு? செத்தவன் வண்டின்னா ஏற மாட்டாரோ தொரை?"

"மாட்டேன்."

"சரி. வண்டி காலியா போகக் கூடாது. அண்ணிய ஏத்திக்கிறேன்."

கிர்ர்ர்... எங்கள் வீட்டுப் பக்கம்.

ஓடினேன். குதிரை தோற்றிருக்கும்.

கதவு திறந்திருந்தது.

மிலாக்ரோஸ் நாற்காலியில். மூச்சு... இருந்தது!

"யாராவது வந்தாங்களா?"

"கிறிஸ்புலோ வந்தான். வண்டியில ஏறு அண்ணின்னான். பாவம், எளச்சுப் போயிட்டான்."

"நீ...?"

"உங்களுக்கு யாரு சோறு போடறது? நாளைக்கு இதே நேரம் வாடான்னேன். சத்தியம் பண்ணாத்தான் போவேன்னு நின்னான். பண்ணிட்டேன்."

அது நேற்று. இன்று, இப்போது மணி 6:05. கதவைப் பூட்டியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவள் இதயம் நின்றுவிடும். சொல்லாவிட்டால்...

உள்ளே தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.

"கதவத் தெறங்க. வண்டிச் சத்தம் கேக்குதே, காது அடைச்சுப் போச்சா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.