குப்பம்மாளைக் கேட்காமல் எழுதிய நாவல்

நாவல் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது.

"ரைட்டர் சாருங்களா? கிரிவலப் பாதையில டீக்கடை வச்சிருக்கிற கஸ்தூரி பேசறேன். குப்பம்மாளப் பத்தி எழுதினது நீங்கதானே?"

வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கடைசி அத்தியாயத்தைப் படித்திருக்கிறார்.

நிஜமாக வாழ்ந்த பெண்களை வைத்து நாவல் எழுதுவது என் பிழைப்பு. ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே விதிதான்: கேஸ் போட யாரும் இருக்கக் கூடாது. ராணி என்றால் வாரிசு வருவார். தியாகி என்றால் சங்கம் வரும். குப்பம்மாளுக்கு இருந்தது ஒரு கல் மட்டும். 'இந்தக் கிணறு குப்பம்மாள் தர்மம்' என்று அதில் வெட்டியிருந்தது. மீதியை நான் கொடுத்தேன்: ஒரு ஜவுளி வியாபாரி, கொஞ்சம் காதல், கடைசியில் அதே கிணற்றில் குதித்துச் சாவு.

"அவங்க எங்க வீட்டுப் பூவாடைக்காரி சார், எங்க வம்சத்துல செத்து சாமியானவங்க. கல்யாணம்னா மொதல்ல அவங்களுக்குப் புடவை வச்சுப் படைச்சாத்தான் மத்ததெல்லாம். நேர்ல வாங்க."

போனேன். கடைக்குப் பின்னால் வீடு. விளக்குக்கு முன்னால் மடித்த மஞ்சள் புடவை.

"ஹெல்மெட்ட கழட்டுங்க சார், அடிக்கல்லாம் மாட்டோம்," என்றார் கஸ்தூரி. "என்னைக் கேட்டு என்ன ஆவப்போவுது? அவங்களையே கேளுங்க."

வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனி இலைப் பொட்டலத்தில் கட்டிப் புடவை முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். என் கையாலேயே எடுக்க வேண்டுமாம்.

"புஸ்தகம் வரலாமா?" என்று கேட்டு எடுத்தேன். சிவப்பு.

மூன்று வருட உழைப்பு.

"இன்னொரு தபா கேக்கலாங்களா?"

"அதையே கேக்கக் கூடாது. எது புடிக்கலன்னு கேளுங்க."

"அந்த ஜவுளி வியாபாரி இருக்கலாமா?" வெள்ளை.

டீ கொண்டுவந்த கஸ்தூரியின் கணவர் அப்படியே நின்றார். "வெள்ளையா?"

"வெள்ளதான். நீ போய் கடையப் பாருய்யா."

"கிணத்துல விழுறது?" சிவப்பு.

"பின்ன?" என்றார் கஸ்தூரி. "ஜனங்க குடிக்கணும்னு வெட்டின தண்ணில அவங்களே போய் விழுவாங்களா? காய்ச்சல்ல போனாங்க சார்."

"கிணத்துல விழுறத எடுத்துட்டா புஸ்தகம் வரலாமா?" வெள்ளை.

பதிப்பாளர் போனில் கத்தினார். "அச்சுக்குப் போற நேரத்துல முடிவ மாத்தச் சொன்னது யாரு?"

"குப்பம்மாதான். வியாபாரிய விட்டுவச்சதே பெருசு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: கேஸ் போட ஆள் உண்டா என்று பார்த்தால் போதாது, புடவை வைக்க ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். இருந்தால், காதலைத் தாராளமாக எழுதலாம். சாவை மட்டும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.